குகைக்கு 100 மீட்டர் காவல்!

குவாரியில் வெடி வைக்கிறார்கள். "டமார்!" பாறை பிளக்கிறது. அதோடு முடிந்ததா? இல்லை. அதிர்வு நிலத்துக்குள் ஓடுகிறது. பக்கத்துப் பாறையில் உள்ள மயிரிழைக் கீறலும் விரிகிறது. அங்கே ஒரு குகை இருந்தால் என்ன ஆகும்?

செங்கல்பட்டு அருகே வல்லம் குன்றில் குகைக் கோவில்கள் உள்ளன. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை. வயது சுமார் 1,400. மாமல்லபுரத்துக் குகைகளைக் கேட்கவே வேண்டாம். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

சட்டம் என்ன சொல்கிறது?

புராதனச் சின்னங்களுக்கான மத்திய சட்டம் 1958-ல் வந்தது. 1992-ல் எல்லை வகுத்தார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் சுரங்கம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்!

ஆனால், பட்டியலில் உள்ள சின்னத்துக்கே இந்தக் காவல். மற்ற மலைகளுக்கு?

ஊரே காவல்!

மதுரை அருகே அரிட்டாபட்டி. அங்கே இயற்கைக் குகையும், 2,000 ஆண்டுக்கு முந்திய தமிழ்க் கல்வெட்டும் உண்டு. 2022-ல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் போனது. டங்ஸ்டன் என்பது பல்பு இழைக்கு உதவும் உலோகம்.

ஜனங்கள் திரண்டார்கள். டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வீடு கட்டக் கல் வேண்டும்தான். குவாரித் தொழிலாளிக்குக் கூலியும் வேண்டும்தான். கல் வேறு இடத்தில் கிடைக்கும். இடிந்த குகை கிடைக்குமா? உங்கள் ஊர்க் குகைக்கு அருகே வெடிச் சத்தம் கேட்டால், உடனே கலெக்டரிடம் மனுக் கொடுங்கள்.