பெய்த மழை எங்கே போயிற்று?

வடகீழ்ப் பருவத்தில் ஒரு பெருமழை பெய்த மறுநாள், வவுனியாப் பகுதியின் செங்கபில மண் மேட்டுநிலமொன்றை மண்வெட்டியாற் கொத்திப் பார்ப்பவர் வியப்படைவர். மேலே சேறு; மூன்று நான்கு அங்குலத்தின் கீழே புழுதி. நிலம் வேண்டியமட்டும் குடித்தபின் மிச்சமே ஓடிற்று என்று கமக்காரர் பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. நிலம் குடிக்குமுன்னரே அதன் வாய் அடைபட்டுவிட்டது.

அடைத்தது மழைத்துளியே. பெருந்துளி வினாடிக்கு ஏறக்குறைய 30 அடி வேகத்தில் வந்து விழுகின்றது. மூடப்படாத மண்கட்டி அவ்வடியில் நொறுங்க, நுண்ணிய துகள்கள் மண்ணின் துவாரங்களிற் புகுந்து அவற்றை அடைக்கின்றன. இப்படலத்தின் தடிப்புச் சில மில்லிமீற்றரே; எனினும் நீரைத் தடுக்க அது போதும். வெயிலில் அது ஓடுபோல் இறுகி, முளையையும் மேலெழவிடாது.

ஓர் ஏக்கரில் ஓரங்குல மழை என்பது ஏறக்குறைய 1,00,000 லீற்றர் நீராகும். அதிற் பாதி ஓடிவிட்டால், இடையில் மழை பத்து நாள் ஓய்ந்ததும் மிளகாய்க் கன்று வாடுவதில் வியப்பென்ன? ஓடும் நீர் வெறுங்கையுடன் போவதுமில்லை. மேல்மண்ணையும் இட்ட பசளையையும் வாரிச் சென்று குளத்தைத் தூர்க்கின்றது.

நெல்வயலின் நிலை வேறு. நீர் கீழிறங்காது நிற்பதற்காகவே அங்கு சேற்றுழவு செய்து துவாரங்களை அடைக்கின்றோம். வயலிற் பழகிய கை மேட்டுநிலத்தையும் மாவாக்கிவிடுவதே தவறு. மாப்போன்ற புழுதி கண்ணுக்கு அழகுதான். ஆனால் மழையில் முதலிற் கரைவதும் அதுவே. விதை வீழும் வரிசையில் மட்டும் மண் நுண்மையாயிருப்பின் போதும். இடையிற் கட்டிகள் கிடக்கட்டும்.

யாழ்ப்பாணச் செம்மண்ணில் இரும்பின் சேர்க்கை துகள்களை மணிமணியாகப் பிணைத்து வைத்திருப்பதால், நீர் விரைவில் இறங்கிக் கீழுள்ள சுண்ணக்கல்லைச் சேர்கின்றது. செங்கபில மண்ணில் அப்பிணைப்பைப் பெருமளவு சேதனப் பொருளே தரவேண்டும். ஆதலால் வைக்கோலை எரித்தல் ஆகாது. வைக்கோலையோ சீமைக்கிளுவைக் குழையையோ வரிசைகளுக்கிடையே பரப்பினால், துளியின் அடியை அது தாங்கும். மக்கியபின் மண்ணோடு சேரும். பாத்திகளும் வரம்புகளும் சரிவுக்குக் குறுக்கே அமைதல் வேண்டும். ஏற்கெனவே ஓடு கட்டிய நிலத்தை, ஈரம் முற்றாகக் காயுமுன் மேலாகக் கொத்திவிடலாம்.

நிலம் முழுவதையும் மூட வைக்கோல் போதாதவர் இரண்டு வரிசைகளை மட்டுமேனும் மூடி, அடுத்த மழையின் மறுநாள் மூடிய இடத்தையும் மூடாத இடத்தையும் மண்வெட்டியாற் கொத்தி, ஈரம் எத்தனை அங்குலம் இறங்கியதென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.