உவரிக்கும் உவரோவைட்டுக்கும் என்ன சம்பந்தம்?

போன மாசம் சங்கரன்கோவில்ல இருந்து அம்மா ஒரு லிங்க் அனுப்பினாங்க. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "யய்யா, இது உவரோவைட்டாம். பச்சைக் கார்னெட். மரகதத்துக்குப் பதிலா போடலாமாம்லா. சீட்டு எடுத்த காசு கிடக்கு, வாங்கிருவமா?"

புதனுக்குப் பச்சைக் கல் போடணும்னு ஜோசியர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. மரகதத்தோட விலையைக் கேட்டு அம்மா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தாங்க. இந்த லிங்க்ல இருந்தது பட்டை தீட்டின ஒரே கல். 4 கேரட், கண்ணாடி மாதிரி தெளிவு, விலை 18,000 ரூபாய். பதில் சொல்றதுக்கு முன்னாடி உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுதான் இன்னைக்கு எபிசோட்.

கார்னெட்: ஒரே டெம்ப்ளேட், பல கல்

கார்னெட்னா ஒரே ஒரு கல் இல்ல, அது ஒரு கனிமக் குடும்பம். கோடு எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, அது ஒரு டெம்ப்ளேட். சிலிகேட் சட்டகம் மாறாது. அதுக்குள்ள ரெண்டு வகை காலியிடம் இருக்கு. எந்த உலோகம் வந்து உட்காருதோ, அதை வச்சு கல்லோட பேரும் நிறமும் மாறும்.

இரும்பும் அலுமினியமும் உட்கார்ந்தா அல்மண்டைன், அடர் சிவப்பு. திருநெல்வேலிக்காரங்க இதைப் பார்க்காம இருக்க முடியாது. சின்ன வயசுல உவரி சுயம்புலிங்க சாமி கோயிலுக்குப் போவோம். அங்க நேர்த்திக்கடனுக்கு ஓலைப் பெட்டியில கடல் மண் சுமப்பாங்க. அந்தக் கடற்கரை மண்ல சிவப்புச் சிவப்பா மின்னுறது கார்னெட்தான். உப்புத்தாள் செய்யவும், வாட்டர்ஜெட் மெஷின்ல இரும்பு வெட்டவும் பயன்படுற அதே கார்னெட்.

கால்சியமும் அலுமினியமும் உட்கார்ந்தா கிராசுலர். நம்ம நவரத்தினத்துல இருக்கிற கோமேதகம் இந்த வகை. அதே கிராசுலர்ல கொஞ்சம் வனேடியமோ குரோமியமோ கலந்தா பச்சையாகி, சாவோரைட்னு பேர் வாங்கும். 1967-ல தான்சானியாவில கேம்ப்பெல் பிரிட்ஜஸ் கண்டுபிடிச்சார். கென்யாவோட சாவோ தேசியப் பூங்காவை வச்சு 1974-ல டிஃபனி நிறுவனம் அதுக்குப் பேர் சூட்டுச்சு. ஆக, கோமேதகமும் சாவோரைட்டும் கூடப் பிறந்தவங்க.

கால்சியமும் குரோமியமும் உட்கார்ந்தாதான் உவரோவைட். மத்த பச்சைக் கார்னெட்கள்ல குரோமியம் வெறும் தாளிப்பு. இதுல அதுதான் சோறு. அதனாலதான் கார்னெட் குடும்பத்துல எப்பவுமே பச்சையா இருக்கிற கல் இது. கடினம் மோஸ் அளவுல 6.5-ல இருந்து 7.5 வரைக்கும்.

பேர்ல உவரி இருக்கேன்னு பார்க்காதீங்க, எந்தச் சம்பந்தமும் இல்ல. 1832-ல பேர் வச்சவர் ஜெர்மைன் ஹெஸ். ஆமா, பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில படிச்சோமே, 'ஹெஸ் விதி', அதே ஹெஸ்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாடமியோட தலைவரா இருந்த செர்கெய் உவரோவ் பேரை வச்சார்.

ஏன் இவ்வளவு அரிது?

கால்சியமும் அரிதில்ல, குரோமியமும் அரிதில்ல. அது ரெண்டும் சந்திக்கிறதுதான் அரிது. குரோமியம் பெரும்பாலும் பூமியோட மேன்டில் பகுதியில இருந்து வந்த பாறைகள்ல, குரோமைட்டா அடைஞ்சு கிடக்கும். அந்தப் பாறைகள்ல கால்சியம் ரொம்பக் குறைவு. சூடான நீர்க்கரைசல் விரிசல் வழியா கால்சியத்தைக் கொண்டுவந்து, குரோமைட்டோட வினை புரிஞ்சாதான் உவரோவைட் உருவாகும்.

விரிசல்ல வளர்றதால படிகம் பொடிப்பொடியா, பாறை மேல பச்சைச் சர்க்கரை தூவின மாதிரி ஒட்டியிருக்கும். ரஷ்யாவில யூரல் மலையோட சரானி குரோமைட் சுரங்கத்துல கிடைக்கிறது பெரும்பாலும் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. பின்லாந்தோட அவுட்டோகும்பு சுரங்கத்துல பெரிய படிகங்கள் கிடைச்சிருக்கு. ஆனா பட்டை தீட்டுற அளவுக்குத் தெளிவு அதுல அபூர்வம்.

நம்ம நாட்டுலயும் இருக்கு. அந்தமான்ல, தெற்கு அந்தமான் தீவுக்குக் கீழ ரட்லண்ட் தீவு. ஒரு காலத்துல கடல் அடியில கிடந்து, பிறகு மேல தள்ளப்பட்ட பாறை அது. அதுல இருக்கிற குரோமைட் பாறைக்குள்ள, ஆண்ட்ரடைட்டும் உவரோவைட்டும் கலந்த கார்னெட் இருக்குன்னு பிஸ்வஜித் கோஷும் டொமோவாகி மோரிஷிடாவும் 2011-ல எழுதியிருக்காங்க. நான் சொன்ன அதே கதைதான் அங்கயும்: சூடான நீர்க்கரைசல் பாறையை மாத்தினப்போ உருவானது.

அப்போ அந்த 4 கேரட் கல்?

4 கேரட்னா கிட்டத்தட்ட 9, 10 மில்லிமீட்டர் அகலம். அந்த அளவுல, கண்ணாடித் தெளிவுல, அந்த விலைக்கு உவரோவைட்னு சொன்னா நம்பவே கூடாது. அது என்ன கல்லுன்னு போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனா ரத்தினப் பரிசோதனைக் கூடத்துல ஒளிவிலகல் எண்ணை அளந்தா தெரிஞ்சிடும். மரகதத்துக்கு 1.58 பக்கம், சாவோரைட்டுக்கு 1.74 பக்கம், உவரோவைட்டுக்கு 1.86 பக்கம். பச்சை நிறம் கண்ணை ஏமாத்தும். இந்த எண்ணை ஏமாத்துறது கஷ்டம்.

விற்கிறவர்கிட்ட லேப் ரிப்போர்ட் கேட்டேன். "ஒரிஜினல் சார், கேரண்டி"ன்னு பதில் வந்துச்சு. "ரிப்போர்ட் நம்பர் அனுப்புங்க"ன்னேன். அதுக்கப்புறம் பதிலே இல்ல.

அம்மாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ நெசக் கல்லு கடுகு அளவுதான் இருக்குமா?"

"கடுகை விடச் சின்னதும்மா."

"அதை மோதிரத்துல வச்சா நான் கண்ணாடி போட்டுல்லா பாக்கணும்"னு சிரிச்சாங்க. சீட்டுக் காசு பத்திரமா இருக்கு. புதனை நம்புறதும் நம்பாததும் அவங்க இஷ்டம், நான் அதுல தலையிடல. எந்தக் கல் வாங்கினாலும் ரிப்போர்ட் முதல்ல, காசு அப்புறம். இது மட்டும் எங்களுக்குள்ள ஒப்பந்தம்.

அடுத்த தடவை உவரிப் பக்கம் போனா ஒரு லென்ஸும், நல்ல நியோடிமியம் காந்தமும் எடுத்துட்டுப் போங்க. முதல்ல கறுப்பு மணல் வந்து ஒட்டும். அதுக்குப் பின்னாடி மெல்ல நகர்ந்து வர்ற சிவப்புதான் கார்னெட். பைசா செலவில்லாம ஒரு ஒரிஜினல் கார்னெட்டைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.