டைமிங் பெல்ட் மாற்றுதல்

டைமிங் பெல்ட் என்பது மகிழுந்துப் பொறியில் கிராங்க் தண்டின் சுழற்சியைக் கேம் தண்டிற்குக் கடத்தும், பற்களுடைய இரப்பர்ப் பட்டை ஆகும். இது பெரும்பாலும் முன்னறிகுறி இன்றி அறுந்துவிடும். ஆகையால் பழுதான பின் அன்றி, குறித்த காலத்தில் முன்கூட்டியே மாற்றப்படுகிறது.

செயற்பாடு

நான்கு வீச்சுப் பொறியில் கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். அப்பொழுதுதான் வால்வுகள், பிஸ்டனின் இயக்கத்திற்கு ஏற்ப உரிய கணத்தில் திறந்து மூடும். இதற்காகக் கேம் தண்டின் பற்சக்கரத்தில் இருமடங்கு பற்கள் உள்ளன. பட்டை வழுக்காதிருக்க அதன் உட்புறத்தில் பற்களும், நீளாதிருக்க அதனுள்ளே கண்ணாடி இழைகளும் அமைக்கப்படுகின்றன.

வரலாறு

1962 இல் மேற்கு செருமனியின் கிளாஸ் நிறுவனம் உற்பத்தி செய்த கிளாஸ் 1004, இவ்வகைப் பட்டையுடன் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் மகிழுந்து ஆகும். இந்தியாவில் அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் பொறி சங்கிலியைக் கொண்டிருந்தது. 1983 இல் வெளிவந்த மாருதி 800 பட்டையைக் கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தயாரிக்கப்பட்ட ஹூண்டாய் சான்ட்ரோவிலும், ஒரகடத்தில் 2012 முதல் தயாரிக்கப்பட்ட ரெனோ டஸ்டரின் டீசல் பொறியிலும் பட்டையே இருந்தது. ஹூண்டாயின் பிற்காலக் காப்பா வகைப் பொறிகள் சங்கிலிக்கு மாறின. எனவே நிறுவனத்தின் பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், அந்தந்தப் பொறிக்குரிய கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

அறுந்தால் நேரும் சேதம்

பட்டை அறுந்ததும் கேம் தண்டு நின்றுவிடும். கிராங்க் தண்டு சிறிது நேரம் தொடர்ந்து சுழலும். சில பொறிகளில் வால்வு முழுவதும் திறந்திருந்தாலும் பிஸ்டன் அதைத் தொடாது. அங்கு வண்டி நிற்பதுடன் முடிந்துவிடும். மற்றவற்றில் மேலேறும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். எரியறை மிகக் குறுகியது ஆதலால் டீசல் பொறிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. அப்போது செலவு பட்டையின் விலையைப் போலப் பன்மடங்காகும்.

மாற்ற வேண்டிய காலம்

பல பொறிகளுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரையிலான எல்லையும், அதனுடன் ஓர் ஆண்டுக் கணக்கும் விதிக்கப்படுகின்றன. இவற்றுள் எது முன்னர் வருகிறதோ அதுவே எல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் குன்றாண்டார்கோவில் போன்ற ஊர்களில், குடும்பத் தேவைக்கு மட்டும் எடுக்கப்படும் மகிழுந்து ஒன்று ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், பத்தாண்டுகளில் 50,000 கிலோமீட்டரே ஆகும். தொலைவுக் கணக்கில் பட்டை புதிதுபோல் தோன்றினாலும், வெப்பத்தாலும் வயதாலும் இரப்பர் இறுகியிருக்கக்கூடும். பழைய மகிழுந்து வாங்குவோர், பட்டை மாற்றியதற்குச் சான்று இல்லையெனில் மாற்றப்படவில்லை என்றே கொள்வது பாதுகாப்பானது.

உடன் மாற்றப்படும் பாகங்கள்

பட்டையை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை ஆகியவை பட்டையுடன் சேர்த்து மாற்றப்படுகின்றன. இவற்றின் பேரிங் இறுகினால் புதிய பட்டையும் அறுந்துவிடும். இப்பட்டையாலேயே வாட்டர் பம்ப் இயங்கும் பொறிகளில் அதனையும் மாற்றுவது வழக்கம். தண்டுகளின் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் இரப்பரைக் கெடுக்கும். ஆதலால் அதுவும் சோதிக்கப்படுகிறது.

மாற்றும் முறை

1. பொறி குளிர்ந்த பின் பேட்டரி இணைப்பு துண்டிக்கப்படுகிறது.
2. வெளிப்புறப் பட்டைகள், கிராங்க் புல்லி, மூடிகள் ஆகியவை கழற்றப்படுகின்றன.
3. கிராங்க் தண்டு கையால் சுழற்றப்பட்டு, பற்சக்கரங்களின் குறிகள் நேர்ப்படுத்தப்படுகின்றன. சில பொறிகளில் தண்டுகளைப் பூட்டத் தனி ஊசிகள் உண்டு.
4. டென்ஷனர் தளர்த்தப்பட்டுப் பழைய பட்டை அகற்றப்படுகிறது. இதன்பின் எந்தத் தண்டையும் தனியே சுழற்றக் கூடாது.
5. உடன் மாற்ற வேண்டிய பாகங்களும் புதிய பட்டையும் பொருத்தப்பட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கப்படுகின்றன. பட்டையை மடக்கவோ அதில் எண்ணெய் படவிடவோ கூடாது.
6. பூட்டும் ஊசிகள் அகற்றப்பட்ட பின், கிராங்க் தண்டு கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றப்பட்டு, குறிகள் மீண்டும் சரிபார்க்கப்படுகின்றன.

இறுதிப் படியில் தடை தென்பட்டால் வலிந்து சுழற்றக் கூடாது. பிஸ்டன் வால்வைத் தொடுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வால்வுகளின் நேரம் தவறிவிடும். ஆகையால் இச்சோதனை முடிவதற்கு முன் பொறியை இயக்குவதில்லை. மாற்றிய தேதியும் ஓடிய தொலைவும் குறித்து வைக்கப்பட்டால், அடுத்த மாற்றத்தின் காலத்தை ஐயமின்றிக் கணக்கிடலாம்.