ஆறாத புண்

தோலிலே உண்டாகும் புற்றுநோய் வெயில் தாங்காத வெள்ளையர்க்கே உரியது என்பது நம்மவரில் பலருடைய அபிப்பிராயம். அது முழுப் பொய்யன்று. நம் தோலின் கருநிறம் வெயிலின் கொடுமையைப் பெரிதும் தடுக்கிறது. காங்கேயத்துக் களங்களில் நாளெல்லாம் தேங்காய்ப் பருப்பு உலர்த்துகிறவர்களுக்கும் வெயில் ஒன்றினாலேயே இந்நோய் வருவது அரிது. பிறவியிலேயே தோலில் நிறமற்றவர்கள்தாம் வெயிலுக்கு மிகவும் அஞ்ச வேண்டியவர்கள். ஆயினும், வெயிலுக்குத் தப்பியவன் வியாதிக்கும் தப்பினான் என்று எண்ணுவது தவறு. நம் ஜனங்களை இந்நோய் பல சமயங்களில் வேறு வழியாக வந்து பற்றுகிறது. நெடுநாள் உராய்ந்தும் வெந்தும் ஆறாமல் விடப்பட்ட புண்ணே அவ்வழி.

துணியையே ஜீவனமாகக் கொண்ட நம் வட்டாரத்தார் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பம்பாயில் டாக்டர் கானோல்கரும் சூர்யாபாயும் 1945-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 'வேஷ்டிப் புற்று' என்பதை விவரித்தார்கள். வேஷ்டியை இடுப்பில் ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இறுக்கி முடிவதால் தோல் நிறம் மாறி, தடித்து, வெடித்துப் புண்ணாகிறது. அப்புண் சிலருக்குப் புற்றாக மாறுகிறது. 2024-இல் மகாராஷ்டிர, பீகார் வைத்தியர்கள் இரு மூதாட்டிகளிடம் இதையே கண்டு எழுதினார்கள். ஒருவருக்கு 18 மாதமாகவும் மற்றவருக்கு 2 வருஷமாகவும் இடுப்புப் புண் ஆறவில்லை. இரண்டாமவருக்கு நோய் தொடையிடுக்கின் நெறிக்கட்டுக்கும் பரவிவிட்டது. காஷ்மீரத்திலோ, குளிருக்காகக் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வோரின் வயிற்றிலும் தொடையிலும் இந்நோய் தோன்றுகிறது. பழைய தீக்காய வடுக்களிலும் பல்லாண்டு கழித்து அது முளைப்பதுண்டு.

நூல் தொழிலும் இதற்கு விலக்கன்று. லண்டனில் புகைபோக்கி துடைப்போர்க்குக் கரியினால் தோல் புற்று வருவதை பெர்சிவல் பாட் 1775-இல் எடுத்துக் காட்டினார். யந்திர எண்ணெயில் உடை தோய நின்று நூல் நூற்ற லங்காஷயர் தொழிலாளருக்கும் அந்நோய் வருவதை மான்செஸ்டர் வைத்தியர்கள் 1922-இல் வெளியிட்டார்கள். சுத்தமான எண்ணெய், காலமுறை வைத்தியப் பரிசோதனை ஆகியவற்றை அங்கே விதிகள் கட்டாயமாக்கியது 1953-இல்தான். அறிந்ததற்கும் செய்ததற்கும் இடையே 31 வருஷங்கள்! நன்கு சுத்திகரித்த எண்ணெயில் இந்த அபாயம் இல்லை. சுத்திகரியாத எண்ணெயிலும் உபயோகித்துக் கறுத்த எண்ணெயிலும் உண்டு. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் முதலாளிகள் எண்ணெய் வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பது போதாது.

நோயை அறிவது எப்படி? ஒரு மாதத்தில் ஆறாத புண். ஓரம் தடித்து, தொட்டால் இரத்தம் கசியும் புண். நாற்றம் வீசும் புண். பழைய வடுவில் புதிதாக எழும் கட்டி. உள்ளங்காலிலோ நகத்தடியிலோ தோன்றி, வளர்ந்து, வடிவமும் நிறமும் மாறும் கரும்புள்ளி: இவற்றில் எதைக் கண்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலியில்லையே என்று வாளாவிருத்தல் கூடாது. ஆரம்பத்தில் வலி இல்லாதிருப்பதே இந்நோயின் வஞ்சகம். புண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் பூரண குணம் உண்டு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி மாதங்களைக் கழித்தால், வியாதி நெறிக்கட்டில் இறங்கிய பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க நேரும்.

தடுக்கும் முறைகள் செலவற்றவை. வேஷ்டி முடிச்சையும் பாவாடை நாடாவையும் இறுக்காமல், இடம் மாற்றிக் கட்டுக. மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலமான பட்டியை வைத்துத் தைக்குக. எண்ணெய் தோய்ந்த உடையை அன்றன்றே மாற்றித் தோலைச் சோப்பிட்டுக் கழுவுக.

1948-ஆம் வருஷத்து பாக்டரி சட்டமே தோல் புற்றைச் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய வியாதிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. ஆனால் ஜாபிதாவில் எழுதியதனால் மட்டும் எவன் புண்ணும் ஆறிவிடாது. பஞ்சாயத்தும் தொழிற் சங்கமும் முதலாளிகளும் கூடி வருஷத்துக்கொரு தோல் பரிசோதனை நடத்துவது கஷ்டமான காரியமல்ல.

நம் பெண்மக்கள் இடுப்புப் புண்ணை நாணத்தால் மறைத்து வைக்கிறார்கள். வீட்டு ஆண்மக்கள் கேளாமல் அவர்கள் சொல்லப் போவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் தாயாரையும் மனைவியையும் இன்றே கேட்கட்டும். நாணம் காக்கத்தக்கதுதான், உயிரைக் கொடுத்துக் காக்கத்தக்கதன்று.