58 லட்சம் சவரன்... அடகு வைத்த ஆபீஸர்!

பாடி லூகாஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுற்றிலும் ஒரு லுக் விடுங்க ஃப்ரெண்ட்ஸ். ஏதாவது ஒரு அடகுக் கடை போர்டு கண்ணில் படும். செமஸ்டர் ஃபீஸுக்காக அம்மாவோட வளையல் உள்ளே போன கதை நம்மில் பல பேருக்குத் தெரியும். ஆனா, ஒரு நாடே நகையை அடகு வைத்த கதை தெரியுமா? அந்த நேரத்தில் ரிசர்வ் வங்கியின் சாவியைக் கையில் வைத்திருந்தவர் நம்ம நாகர்கோவில்காரர்!

பெயர் எஸ்.வெங்கிடரமணன். 1931-ல் பிறந்தவர். படிச்சது இயற்பியல், ஆனது ஐ.ஏ.எஸ். 1985 முதல் 1989 வரை மத்திய நிதித்துறைச் செயலாளர். 1990 டிசம்பரில் ரிசர்வ் வங்கி கவர்னர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோது, நாட்டின் டாலர் கையிருப்பு கரைஞ்சுக்கிட்டிருந்தது.

ஏன்? 1990 ஆகஸ்ட்டில் குவைத்துக்குள் இராக் புகுந்தது. கச்சா எண்ணெய் விலை எகிறியது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் டெபாசிட்டை எடுக்க ஆரம்பிச்சாங்க. டெல்லியிலோ அடுத்தடுத்து ஆட்சி கவிழ்ந்தது. 1991 ஜூனில் மிச்சம் சுமார் 110 கோடி டாலர். இரண்டு, மூன்று வார இறக்குமதிக்குத்தான் தாங்கும்!

முதலில் டாலர் செலவுக்கு பிரேக். 1991 ஏப்ரலில் பெரும்பாலான இறக்குமதிக்கு 200 சதவீதம் ரொக்க டெபாசிட் என்று உத்தரவு. அதாவது, ஒரு லட்ச ரூபாய்க்கு உதிரி பாகம் வரவழைக்கணும்னா, இரண்டு லட்சத்தை முதலில் வங்கியில் கட்டணும். பாடி, அம்பத்தூர் மாதிரி லேத்தும் பிரஸ்ஸும் ஓடுகிற ஏரியாவுக்கு இது என்ன மாதிரி அடின்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அதுவும் போதலை. மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கத்தில் 20 டன், ஸ்டேட் வங்கி மூலமா சுவிட்சர்லாந்து போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் 46.91 டன், இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும் அடகு. சவரன் கணக்கில் 58 லட்சத்துக்கும் மேலே! கிடைத்த கடன் 40.5 கோடி டாலர்.

இங்கேதான் அதிகாரியின் வேலையே இருக்கு. ரிசர்வ் வங்கி தன் தங்கத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் வைக்கக்கூடாது என்பது சட்டம். அந்தக் கோட்டைத் தாண்டாமல், கடன் கொடுப்பவரையும் சமாதானப்படுத்தி, பார்ட்டி பார்க்காமல் மாறி மாறி வந்த அரசுகளுக்கும் பதில் சொல்லணும். அதே ஜூலையில் ரூபாய் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. அதை நடத்தியவர் துணை கவர்னர் சி.ரங்கராஜன். அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான், அரியலூர் பக்கம்.

விஷயம் பேப்பரில் வந்ததும் நாடே கொதிச்சது. 'மானம் போச்சு'ன்னு திட்டாத ஆள் இல்லை. ஆனா, இந்தியா ஒரு தவணைகூட தவறலை. அந்த நம்பிக்கைதான் அடுத்த கடனுக்கும், சீர்திருத்தத்துக்கும் கதவைத் திறந்தது. சில மாதத்திலேயே அடகும் மீண்டது.

வெங்கிடரமணன் ஹீரோ மட்டும்தானா? இல்லை பாஸ். 1992-ல் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்தபோது, ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு எங்கே போச்சுன்னு அவர் காலத்தை நோக்கியே கேள்விகள் பாய்ந்தன. அந்த டிசம்பரோடு பதவி முடிந்தது. 2023 நவம்பரில், 92 வயதில் சென்னையில் காலமானார்.

2009-ல் இதே ரிசர்வ் வங்கி, சர்வதேச நிதியத்திடம் 200 டன் தங்கத்தை 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது தனிக் கதை!

கேம்பஸ் இன்டர்வியூவில் 'எக்கனாமிக்ஸ் நமக்கெதுக்கு'ன்னு நினைக்கிற இன்ஜினீயரிங் மக்களே... நாளைக்கு நீங்க வேலைக்குச் சேரப்போற கம்பெனிக்கு மெஷின் வரணும்னாலும், அது செய்கிற பாகம் கப்பல் ஏறணும்னாலும் டாலர் வேணும். அந்த டாலர் தீராமல் பார்த்துக்க யாரோ ஒரு ஆபீஸர் ராத்திரி முழிச்சிருக்கார். ஐ.ஏ.எஸ். கனவு இருந்தா, இதையும் சிலபஸில் சேர்த்துக்குங்க!