இறுகிப்போன உருளைக்கு ஓர் அடித்தாள்

90களில், மின்சாரம் இல்லாத காலத்தில், வடக்கில் மனுக்களையும் கடிதங்களையும் அடித்துத் தந்தவை ரைப்ரைட்டர்களே. அவற்றில் சில இன்னமும் வீடுகளில் உள்ளன. மனு அடித்துக் கொடுத்துச் சிறு வருமானம் தேடும் பெண்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு, எழுத்து தாளைத் துளைக்கின்றது என்பதாகும். புது ரிபன் வாங்கிப் போட்டும் பயனில்லை. ஏனெனில் பழுது ரிபனில் அல்ல, உருளையில்.

தாளைத் தாங்கும் அந்தக் கறுப்பு உருளைக்கு றப்பர் உறை உண்டு. எழுத்தின் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். வெக்கையாலும் வயதாலும் றப்பர் இறுகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றும் அமுங்காமல் கண்ணாடிபோல் வழுக்கினால் இறுகிவிட்டது என்று கொள்ளலாம். சத்தம் கூடும், எழுத்து அச்சுகளும் பழுதடையும். தமிழில் முதலில் துளைபோடுவது மெய்யெழுத்தின் புள்ளிதான். விரலின் விசை முழுவதும் அச்சிறு இடத்திலேயே இறங்குகின்றது. காணாமற்போன கணவரைப் பற்றிய சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோகும் ஒருத்திக்குத் துளை விழுந்த தாளை எப்படிக் கொடுப்பது?

அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளைச் சேர்த்துச் செருகுங்கள். இதுவே அடித்தாள். எந்தத் தாள் என்பதில்தான் கவனம் வேண்டும். 80 கிராம் வெள்ளைத் தாள் ஒன்று போதும். உருளை மிகவும் இறுகியிருந்தால் இரண்டு. பத்திரிகைத் தாள் மலிவுதான், ஆனால் அதன் மை உங்கள் தாளின் பின்புறத்தில் ஒட்டும். கொப்பி மட்டை உருளையில் வளைய மறுக்கும். கொப்பிக்கு உறை போடும் பிளாஸ்ரிக்கைச் சிலர் வைக்கின்றனர். தாள் வழுக்கி வரி சரிந்துவிடுவதால் எனக்கு அதில் விருப்பமில்லை. மிக மெத்தென்ற தாளும் கூடாது, எழுத்து பள்ளமாகப் பதிந்து மங்கும்.

காபன் வைத்து மூன்று நான்கு பிரதி அடிக்கும்போது அடித்தாள் தேவைப்படாது. பிரதிகளே மெத்தையாகிவிடும். அதிக பிரதி எடுப்பதற்கென்றே கடின உருளைகளை அக்காலத்தில் செய்தார்கள்.

அடித்தாள் றப்பரை மீண்டும் மென்மையாக்காது. உண்மையான பரிகாரம் புது றப்பர் உறை போடுவதே, அதற்குச் செலவுண்டு. அதுவரை உருளையை ஸ்பிரிற் நனைத்த துணியால் இலேசாகத் துடையுங்கள். மண்ணெண்ணெயும் பெற்றோலும் வேண்டாம், றப்பர் ஊதிவிடும். அடித்தாளில் எழுத்துகளின் பள்ளம் தெரியத் தொடங்கியதும் அதை மாற்றிவிடுங்கள்.