நாக்குகளும் நாடுகளும் – 9: பொள்ளாச்சிக்கு வந்த பட்டாளம்

சென்ற வாரம் டாக்காவில் விட்டோம். 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காகச் சுடப்பட்ட மாணவர்களின் ரத்தம், பாகிஸ்தானை 1971 வரை துரத்திய கதையைப் பார்த்தோம். டாக்கா சம்பவத்துக்குப் பதின்மூன்று வருஷம் கழித்து, அதே பிப்ரவரி மாதத்தில், மொழிக்காகவே நம் பொள்ளாச்சியிலும் துப்பாக்கி வெடித்தது. டாக்கா தனி நாட்டின் தலைநகராகிவிட்டது. பொள்ளாச்சி இன்றும் கோவை மாவட்டத்தில் ஒரு தாலுகா. எப்படி இது நடந்தது?

டெல்லிக்கு எச்சரிக்கை கோவையிலிருந்தே போயிருந்தது. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை ஆட்சிமொழியைப் பற்றி விவாதித்தபோது டி.ஏ.இராமலிங்கம் செட்டியார் எழுந்து பேசினார். கோவைக்காரர்களுக்கு அவர் கூட்டுறவு இயக்கத்துப் பெரியவர். திராவிட நாடு கேட்டவர் அல்ல. இது தெற்குக்கு வாழ்வா சாவா என்கிற விவகாரம், பக்குவமாகக் கையாளுங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சபை கேட்டுக்கொண்டது. பிறகு இந்தி ஆட்சிமொழி என்றும், ஆங்கிலம் பதினைந்து வருஷத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் எழுதிவைத்தது. தவணை தீரும் நாள் 1965 ஜனவரி 26.

இடையில் இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு வாக்குக் கொடுத்தார். ஆனால் 1963-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் தொடர ‘வேண்டும்’ என்று இல்லை, தொடர‘லாம்’ என்றுதான் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்றார் நேரு. ஒன்றுதான் என்றால் ‘வேண்டும்’ என்றே எழுதிவிடலாமே என்று தி.மு.க. கேட்டது. பத்திரம் எழுதிப் பழகிய எந்த ஊர்க்காரரும் கேட்கக்கூடிய கேள்விதான். அடுத்த வருஷம் நேரு மறைந்தார். கையில் மிஞ்சியது அந்த ‘லாம்’ மட்டுமே.

1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்களின் இந்தி எதிர்ப்புப் போராட்டமாக மூண்ட தீ, பிப்ரவரியில் கொங்குச் சீமைக்கு வந்தது. பஞ்சாலையும் வெள்ளாமையும் தவிர வேறு நினைப்பு இல்லாத ஊர் என்று நம்மைப் பற்றிச் சொல்கிறவர்கள் அந்த மாதத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். சத்தியமங்கலம் முத்து, பீளமேடு தண்டபாணி ஆகியோரின் பெயர்கள் மொழிப்போர்த் தியாகிகள் வரிசையில் இருப்பது அந்தப் போராட்டத்தால்தான். திருப்பூரில் கும்பல் இரண்டு போலீஸ்காரர்களை உயிரோடு எரித்ததும் அதே போராட்டத்தில்தான். ஆண்டுதோறும் மேடையில் முதல் இரண்டு பெயர்களைச் சொல்கிறவர்கள் திருப்பூரைச் சொல்வதில்லை. எழுதுகிறவன் இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

இந்தக் கட்டத்தில் வருகிறார் செங்குட்டைப்பாளையத்து சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சித் தொகுதி எம்.பி.; சாஸ்திரி அமைச்சரவையில் உணவு, விவசாய மந்திரி. மாணவர்கள் கண்ணில் அவரும் எதிரிதான். ஊர் எரியத் தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் பதவியிலேயே இருந்தார். அவரைப் புகழ்கிறவர்கள் இதை மறைக்கத் தேவையில்லை. நேருவின் வாக்குறுதியைச் சட்டமாக்க வேண்டும் என்று அவரும் சக மந்திரி ஓ.வி.அளகேசனும் உள்ளே இருந்து கேட்டார்கள். நடக்கவில்லை. பிப்ரவரி 11 அன்று இருவரும் ராஜினாமா செய்தார்கள். ஏற்றுக்கொள்ளலாம் என்று சாஸ்திரி பரிந்துரைத்தார். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் மறுத்துவிட்டார். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசினார். நேருவின் வாக்கு காப்பாற்றப்படும் என்றார்.

மறுநாள், பிப்ரவரி 12, பொள்ளாச்சியில் பட்டாளம் சுட்டது. டெல்லியில் அந்தத் தொகுதியின் எம்.பி. தன் மந்திரி பதவியை உதறி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் கணக்கும் ஊர்க் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

பக்கத்துத் தீவான இலங்கையில் என்ன நடந்தது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 1956-ல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட பண்டாரநாயக்கா, மறு வருஷமே தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் அதைக் கைவிட்டார். பொள்ளாச்சிக்கு அடுத்த மாதம், 1965 மார்ச்சில், டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அதுவும் நிறைவேறவில்லை. அங்கே பெரும்பான்மையின் கோபத்துக்குப் பிரதமர்கள் பணிந்தார்கள். இங்கே சிறுபான்மையின் கோபம் டெல்லி அமைச்சரவைக்குள்ளேயே இரண்டு நாற்காலிகளை ஆட்டிவிட்டது. சாஸ்திரி, பண்டாரநாயக்காவைவிடப் பெருந்தன்மையானவர் என்று நான் நம்பவில்லை. இரண்டு ஆட்சிகளின் அமைப்பு வேறு, அவ்வளவுதான்.

வாக்குறுதி சட்டமாக 1967 டிசம்பர் ஆயிற்று. சாஸ்திரி அப்போது இல்லை. ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமானால், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமன்றமும் தீர்மானம் போட வேண்டும் என்றது திருத்தம். ஒரு மாநிலம் மறுத்தாலும் ஆங்கிலம் நிற்கும். மொழிப் பிரச்சினையைத் தீர்த்த சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. வாய்தா வாங்கிய சட்டம், அதுவும் தேதி போடாத வாய்தா. தேதி போட்ட வாய்தா என்ன செய்யும் என்பதை 1965-ல் பார்த்தாயிற்று. கொழும்பில் அப்படி ஒரு வாய்தா வாங்கியிருந்தால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுப்பிரமணியம் பதவியில் நீடித்தார், மெக்சிகோவிலிருந்து குட்டைக் கோதுமை விதையைத் தருவித்தார், 1998-ல் பாரத ரத்னாவும் பெற்றார். பாடப் புத்தகம் அந்தக் கோதுமையைச் சொல்கிறது, ராஜினாமாவைச் சொல்வதில்லை. 1967 தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளர்கள் அவரையும் தோற்கடித்தார்கள்.

பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வெள்ளிக்கிழமையை நேரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், உட்காரவைத்துக் கேளுங்கள். யார் விழுந்தார்கள், எந்த வீதியில், எந்த வீட்டுப் பிள்ளை என்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கே இப்போது எழுபது வயதாகிறது.

(தொடரும்)